ஐந்தரை அடி தாருங்கள்: எங்கள் பிரதேச சபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தவிசாளருக்கும், சபை உறுப்பினர்களுக்கும், திட்டமிடல் குழுவில் அமரும் உத்தியோகத்தர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

வீட்டுக்குப் பின்னால் பன்னிரண்டுக்குப் பதினாறு அடியில் ஒரு வெங்காயக் கொட்டில் கட்ட அனுமதி கேட்டு விண்ணப்பித்திருந்தேன். விண்ணப்பம் ஒரே ஒரு வரியோடு திரும்பி வந்தது: "பின்புற இடைவெளி போதாமையினால் அனுமதி வழங்க முடியாதுள்ளது." கீழே கையெழுத்தும் முத்திரையும். அந்த வரியில் பிழை இல்லை. அளந்து பார்த்தால் ஐந்தரை அடி குறையத்தான் செய்கிறது. அந்த ஐந்தரை அடியைத் தளர்த்தித் தாருங்கள் என்றுதான் விண்ணப்பத்தோடு தனியாக ஒரு கடிதமும் வைத்திருந்தேன். அந்தக் கடிதத்தை யாரும் வாசித்ததாகப் பதிலில் அடையாளம் இல்லை. அதனால் இப்போது எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறேன். என்னைப் போல ஒரு பரப்பு (ஏறத்தாழ 2,700 சதுர அடி), ஒன்றேகால் பரப்புக் காணியில் இருந்துகொண்டு தோட்டம் செய்கிற குடும்பங்கள் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒழுங்கைக்கு ஒழுங்கை இருக்கின்றன. அவர்களுக்காகவும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் காணியைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் வளவு மூன்று பரப்பு. ஒழுங்கைப் பக்கம் எண்பத்தொரு அடி, உள்ளுக்கு நூறு அடி. நாங்கள் மூன்று பெண்பிள்ளைகள். சீதனம் எழுதும்போது அம்மா குறுக்காக வெட்டவில்லை. வெட்டியிருந்தால் பின்னுக்கு உள்ளவளுக்கு ஒழுங்கை இருந்திருக்காது. ஆகவே நெடுக்காக, ஆளுக்கு இருபத்தேழு அடி அகலத்தில் மூன்று துண்டு. மூன்று பேருக்கும் முன்னுக்கு ஒழுங்கை, பின்னுக்குக் கிணறு. நடுத்துண்டு எனக்கு. கிணறும் என் துண்டுக்குள்தான் நிற்கிறது, ஆனால் அது எனக்கு மட்டும் உரியதல்ல. மூன்று உறுதியிலும் "கிணற்றில் பங்கும் வழிவாய்க்கால் உரித்தும்" என்று எழுதியிருக்கிறது. இரண்டு பக்க வேலியிலும் பொட்டு, அதாவது ஆள் போய்வரும் இடைவெளி, இருக்கிறது. தங்கச்சி வடக்குப் பொட்டால் தண்ணிக்கு வருவாள். கடைசித் தங்கச்சி கனடாவில், அவளுடைய துண்டு வெறுங்காணியாகக் கிடக்கிறது. என்றாலும் தெற்குப் பொட்டை நான் அடைக்கவில்லை, அடைக்கவும் மாட்டேன்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் காணிகள் இப்படி நீட்டுத் துண்டுகளாகப் போனது யாருடைய கவனக்குறைவாலும் அல்ல. 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் கொண்டுவந்த, யாழ்ப்பாணத்தவரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையிலேயே பெண்பிள்ளைக்குச் சீதனமாகக் காணி கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. தாய்க்கு வந்தது மகளுக்குப் போகும். ஒவ்வொரு தலைமுறையிலும் துண்டு ஒடுங்கும், ஆனால் நீளம் குறையாது. ஒழுங்கையும் கிணறும் எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்பதுதான் அந்தப் பிரிப்பின் நியாயம். அக்கா தங்கச்சிமாருக்குள் வழக்கு வராமல் இருக்க அம்மா கண்ட வழி அது. அப்படிப் பிரித்த காணிக்கு, சதுரமான நகரத்துக் காணியை மனதில் வைத்து எழுதிய அளவைப் போட்டால் அது பொருந்தாது.

இப்போது அளவுக்கு வருகிறேன். ஒழுங்கையிலிருந்து இருபது அடி விட்டு வீடு. அந்த இருபது அடிக்குள்தான் மலசலகூடக் குழி. கிணற்றிலிருந்து எட்டத்தில் இருக்க வேண்டும் என்று வீட்டுக்கு முன்னால் வைத்தோம். சுகாதாரப் பரிசோதகர் ஐம்பது அடி கேட்டார், அதற்கு மேலேயே விட்டிருக்கிறோம். வீடு இந்திய வீட்டுத்திட்டத்தில் கிடைத்தது, ஐந்நூற்றைம்பது சதுர அடி. அகலம் இருபத்திரண்டு, நீளம் இருபத்தைந்து. வீடு முடிகிற இடம் நாற்பத்தைந்தாவது அடி. அதிலிருந்து பதினேழு அடி முற்றம். குசினிக் கதவும் சன்னலும் அந்தப் பக்கம்தான் திறக்கின்றன. அதற்கப்பால் இருபது அடி கிணற்றடி. இரண்டு பொட்டும் அங்கேதான் வருவதால் அந்த இடம் முழு அகலத்துக்கும் வெளியாகவே இருக்க வேண்டும். கிணற்றடி தாண்டிப் பின்வேலி வரைக்கும் மிஞ்சுவது பதினெட்டு அடி.

அந்தப் பதினெட்டில்தான் கதை. பின் எல்லையிலிருந்து 2.3 மீற்றர், அதாவது ஏழரை அடி, விட வேண்டும் என்கிறது விதி. கிணற்றடியிலிருந்து நாலடியாவது விட வேண்டும் என்பது என் சொந்த எண்ணம். தண்ணி அள்ளுகிற இடத்தில் சுவர் முட்டக் கூடாது. இரண்டையும் கழித்தால் ஆறரை அடி. ஆறரை அடி ஆழத்தில் ஒரு கொட்டில் கட்டி, இரண்டு வரிசை வெங்காயம் தொங்கவிட்டு, நடுவில் ஆள் நின்று வெங்காயப் பிடியை (கட்டை) எடுத்துப் பார்த்துத் திரும்ப முடியாது. பின்வேலியோடு இரண்டடி மட்டும் விட அனுமதி கிடைத்தால் பன்னிரண்டு அடி கிடைக்கும். ஏழரையில் இரண்டு போக ஐந்தரை. நான் கேட்பது அவ்வளவுதான்.

"அப்ப குசினிப் பக்க முற்றத்தில கட்டுங்கோவன் அம்மா" என்று தொழில்நுட்ப உத்தியோகத்தர் காணி பார்க்க வந்தபோது சொன்னார். சொல்லிவிட்டு அவரே நாடாவைப் பிடித்துப் பார்த்தார். பன்னிரண்டு அடி எடுத்தால் குசினிச் சன்னலுக்கு முன்னால் ஐந்தடிதான் மிஞ்சும். "இல்லை, இது சரிவராது. வீட்டுக்கே காத்து வராது" என்று அவர்தான் தலையை ஆட்டினார். பிறகு, "பக்கத்துக் காணியில கொஞ்சம் வாங்கிச் சேர்த்தா என்ன?" என்றார். தங்கச்சி கையகலக் காணியை வைத்துக்கொண்டு யாருக்கு விற்பாள்? வெளியார் காணி என்றால், இன்றைக்கு ஒரு பரப்பின் விலை வெளிநாட்டுக் காசு பேசுகிற விலை. வெங்காயம் விற்று அதை எட்ட முடியாது. நல்ல மனிதர் அவர், பொறுமையாக அளந்தார். அவர் மேல் எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. விதியைத் தளர்த்துகிற அதிகாரம் குழுவுக்கு இருக்கிறது, கடிதம் வைத்துக் கேளுங்கோ என்று சொல்லித் தந்தவரும் அவரே.

ஒரு கொட்டிலுக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று நீங்கள் நினைக்கலாம். விதை வெங்காயம் வைத்திருக்கிற வீட்டாருக்குத் தெரியும். ஆவணியில் கிண்டிய வெங்காயத்தில் நல்லதைத் தெரிந்து, தாள் வாட விட்டு, பிடி பிடியாகக் கட்டி, பனஞ்சிலாகையில் தொங்கவிட வேண்டும். மார்கழி, தை நடுகை மட்டும் அது காற்றில் இருக்க வேண்டும். நிலத்தில் குவித்தால் சூடேறும், மூடிக் கட்டினால் வியர்க்கும், சாரல் பட்டால் போச்சு. எங்கள் குத்தகைத் தோட்டம் நாலு பரப்பு. அதற்கு நாலு அந்தர் (ஒரு அந்தர் ஏறத்தாழ ஐம்பது கிலோ) விதையாவது தொங்க வேண்டும். அம்மம்மா காலத்து வளவில் கிடுகு வேய்ந்த வெங்காயக் கொட்டிலும், மாட்டுக் கொட்டிலும், தனிக் குசினியும் இருந்தன. 1995 ஒக்டோபரில் போரால் வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது மதிலின் அடிக்கல் மட்டும் இருந்தது. வீட்டுத்திட்டம் எங்களுக்குக் கூரை தந்தது, அந்த நன்றி என்றைக்கும் இருக்கும். ஆனால் ஐந்நூற்றைம்பது சதுர அடிக்குள் மனிதர் இருக்கலாம், தோட்டக்காரனின் சாமான் இருக்க முடியாது.

2020 டிசம்பரில் புரவிப் புயல் வந்தது நினைவிருக்கும். விதை வெங்காயத்தை வீட்டின் பின்சுவரோடு தறப்பாள் இழுத்துக் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டே இருந்தது. தறப்பாளைத் திறந்தால் சாரல், திறக்காவிட்டால் புழுக்கம். மூன்றாம் நாள் மத்தியானம் கொஞ்சம் வெளித்தபோது இவர் தறப்பாளை விலக்கினார். மணம்தான் முதலில் வந்தது. நான் ஒரு பிடியைக் கையில் ஏந்தினேன். கட்டு கையோடு வந்தது, வெங்காயம் கழுத்தோடு நழுவிச் சேற்றில் விழுந்தது. எடுத்து அமத்தினால் விரலுக்குள் போகிறது. வெளித்தோலில் கரிபோலப் பூஞ்சணம், உள்ளே தண்ணி. நாலு அந்தரில் ஒரு அந்தரைத் தெரிந்தெடுக்கப் பொழுதுபட்டுவிட்டது. மிச்சத்தைத் தோட்டத்து மூலையில் கிடங்கு வெட்டிப் புதைத்தோம். இவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள் என் காப்பு இரண்டும் அடைவுக்குப் போனது. விதை வாங்க வேறு வழி இல்லை. மழை வருகிறது என்றால் இன்றைக்கும் இவர் எழும்பிப் போய்த் தறப்பாளைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் படுப்பார்.

விதி ஏன் இருக்கிறது என்று நானும் தேடி வாசித்தேன். 1914இல் கொழும்பில் பிளேக் நோய் பரவியது. அடுத்த ஆண்டே, 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் வந்தது. முதுகோடு முதுகு ஒட்டிய வரிசை வீடுகள், காற்று இல்லை, வெளிச்சம் இல்லை, கழிவு அள்ள வழி இல்லை. அந்தக் கவலை நியாயமான கவலை. பிறகு 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தால் நகர அபிவிருத்தி அதிகார சபை உருவானது. 1986இல் கட்டட ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வந்தன, 2021இல் புதிதாக எழுதப்பட்டன. பின்புறத்தில் வெளி விடுவது பின்வீட்டுக்காரன் மூச்சு விடுவதற்காக. என் பின்வேலிக்கு அப்பால் வீடு இல்லை. வாழைத் தோட்டம். அந்தத் தோட்டக்காரர் தனக்கு ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கையொப்பம் வைத்துத் தந்திருக்கிறார், விண்ணப்பத்தோடு இணைத்திருக்கிறேன். "கட்டுங்கோ தங்கச்சி, என்ர வாழைக்கு உங்கட கொட்டிலால காத்து மறையப்போகுதோ?" என்றுதான் கேட்டார். இரண்டு தங்கச்சிமாரும் எழுதித் தந்திருக்கிறார்கள். கனடாவிலிருந்து வந்த கடிதமும் கோவையில் இருக்கிறது.

நிலத்தை அளவுக்கு மிஞ்சி மூடுகிறேனா என்றால் அதுவும் இல்லை. வீடும் கொட்டிலும் சேர்ந்து எழுநூற்று நாற்பத்திரண்டு சதுர அடி. காணி இரண்டாயிரத்து எழுநூறு. கால்வாசிக்குச் சற்றுக் கூட. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வரை மூடிக் கட்ட இடம் தருகிற விதிப் புத்தகத்தில், கால்வாசி மூடுகிறவளுக்குக் கொட்டில் இல்லை என்று வருவது எங்கோ பொருந்தவில்லை.

இன்னொன்றை நானே முன்வந்து சொல்ல வேண்டும், ஏனென்றால் சுகாதாரப் பரிசோதகர் கேட்பார், கேட்கவும் வேண்டும். கொட்டில் கிணற்றடிக்குப் பக்கத்தில் வருகிறது. எங்கள் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. குடிப்பதும் குளிப்பதும் இறைப்பதும் நிலத்தடித் தண்ணிதான். செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல், கல்லுக்குள் வெடிப்பு, மேலே ஊற்றியது வடிபடாமல் கீழே போகும். பசளையாலும் மலக்குழியாலும் கிணறுகளில் நைத்திரேற்று ஏறியிருக்கிறது என்பது நெடுநாளாகச் சொல்லப்படுகிற விஷயம். ஆகவே கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் உள்ள தூரத்தில் ஒரு அடிகூடத் தளர்த்தாதீர்கள். நானே கேட்டாலும் தளர்த்தாதீர்கள். என் கொட்டிலுக்குள் மலசலகூடம் வராது, குழாய் வராது. கிருமிநாசினியும், யூரியாவும், இறைக்கிற மெசினுக்கான மண்ணெண்ணெயும் வராது. அவை இப்போதும் தோட்டத்து மெசின் கொட்டிலில்தான் இருக்கின்றன, அங்கேயே இருக்கும். கூரைத் தண்ணி பீலி வைத்துத் தொட்டிக்குப் போகும், கிணற்றடியில் விழாது. இதையெல்லாம் அனுமதிக் கடிதத்திலேயே நிபந்தனையாக எழுதுங்கள். மீறினால் அனுமதியை இரத்துச் செய்யுங்கள். கையெழுத்து வைத்துத் தருகிறேன்.

"ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாரும் கேட்பினம்" என்று கந்தோரில் ஒரு பிள்ளை சொன்னது. அது பொய்யான பயம் இல்லை. எங்கள் ஒழுங்கையிலேயே கொட்டில் என்று கட்டியது அறையாகி, அறை வாடகைக்குப் போய், அதற்கொரு மலக்குழியும் பக்கத்து வீட்டுக் கிணற்றடியில் வந்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அந்த வீட்டார் அனுமதி கேட்கவே இல்லை. அனுமதி கேட்டு, அளந்து, படம் கீறி, பக்கத்தாரிடம் கையொப்பம் வாங்கி வந்தவளுக்கு இல்லை என்று பதில். கேட்காதவரிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. இதைப் பார்க்கிற அடுத்த ஆள் என்ன செய்வான்? இரவோடு இரவாக நாலு கட்டை நட்டுத் தகரம் போடுவான். அதற்கு நீங்கள் நிபந்தனை எழுத முடியாது, குழி எங்கே என்று பார்க்கவும் முடியாது. என்னிடமும் பலர் அப்படித்தான் சொன்னார்கள். நான் இன்னும் செய்யவில்லை. பொட்டைத் தாண்டித் தண்ணிக்கு வருகிற தங்கச்சியின் பிள்ளைகள் என்னைப் பார்த்து வளர்கிறார்கள்.

ஆகவே என் ஒருத்தியின் விண்ணப்பத்தோடு நில்லாமல் ஒரு பொது முடிவு எடுங்கள் என்று கேட்கிறேன். இருநூறு சதுர அடிக்கு மேற்படாத, மாடி இல்லாத, மலசலகூடம் இல்லாத தோட்டக் கொட்டில் என்றால், பின்னுக்கும் பக்கத்துக்கும் உள்ள காணிக்காரர் எழுதிச் சம்மதித்தால், பின்புற இடைவெளியைத் தாழ்வாரத் தண்ணி தன் காணிக்குள்ளேயே விழுகிற அளவுக்குக் குறைக்கலாம். கூரைத் தண்ணி அடுத்தவன் காணிக்குள் விழுவதால்தான் எங்கள் ஊரில் பாதி வேலிச் சண்டை வருகிறது. அதற்கு இரண்டடி போதும். இப்படிச் சின்னக் கட்டடத்துக்கு முழு வரைபடம் கேட்காமல், நில அளவைப் படத்தின் பிரதியில் கொட்டிலின் இடத்தை அளவோடு குறித்துத் தந்தால் ஏற்கலாம். என் கொட்டிலுக்கான மரத்துக்கும் ஓட்டுக்கும் வைத்திருந்த காசில் ஒரு பங்கு படம் கீறியதிலேயே போய்விட்டது. தொழில்நுட்ப உத்தியோகத்தரும் சுகாதாரப் பரிசோதகரும் ஒரே நாளில் வந்து பார்த்தால், ஒருவர் சரி என்றதை மற்றவர் இல்லை என்று சொல்ல, நாங்கள் நடுவில் நடந்து தேய வேண்டி வராது.

மறுப்பதானால் காரணத்தோடு மறுங்கள். இடைவெளி போதாது என்பது எனக்கு முன்பே தெரிந்த விஷயம், அதைச் சொல்லித்தான் தளர்வு கேட்டேன். தளர்வு ஏன் தர முடியாது, யாருக்கு என்ன பாதிப்பு வரும் என்பதுதான் எனக்கு வேண்டிய பதில். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்தக் கூட்டக் குறிப்பை நான் கேட்கலாம். கேட்காமலே நீங்கள் சொல்வது இரு பக்கத்துக்கும் மரியாதை.

என் விண்ணப்பம் போன காலத்தில் சபையில் உறுப்பினர்கள் இல்லை. 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்த பிறகு செயலாளர்தான் எல்லாம் பார்த்தார். எத்தனை கோவை ஒரு மேசைக்கு வந்திருக்கும் என்பதை நினைத்தால் அந்த ஒற்றை வரிப் பதில் ஏன் வந்தது என்பதும் விளங்குகிறது. 2025 மே 6இல் நாங்கள் வாக்களித்து நீங்கள் வந்திருக்கிறீர்கள். உங்களில் பலர் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளைகள். வெங்காயப் பிடி கட்டத் தெரிந்த கை உங்களில் சிலருக்காவது இருக்கும். அதனால்தான் மறுபடியும் கேட்கத் துணிகிறேன்.

விண்ணப்பத்தைப் புதிதாக இந்தக் கிழமை தருகிறேன். நில அளவைப் படம், உறுதியின் பிரதி, மூன்று சம்மதக் கடிதங்கள், முன்பு வந்த மறுப்புக் கடிதம் எல்லாம் அதில் இருக்கும். தீர்மானிக்கும் முன் ஒரு தடவை வந்து பாருங்கள். ஆவணிக்கு முன் வந்தால் நல்லது. வெங்காயம் கிண்டத் தொடங்கினால் நாங்கள் விடியவே தோட்டத்துக்குப் போய்விடுவோம். மற்ற நாட்களில் எந்த நேரமும் கேற் திறந்துதான் இருக்கும். பின்வேலியோடு இரண்டடி விட்டு நாலு முளைக்கட்டை அடித்துக் கயிறு கட்டி வைத்திருக்கிறேன், இடத்தைத் தேட வேண்டி வராது.

இப்படிக்கு,
வலிகாமத்திலிருந்து,
நடுத்துண்டுக் காணிக்காரி